ஸ்கார்தோ ஏன் மலிவு?

குளோரியாவுக்கு மோட்டார் பைக் ஓட்டத் தெரியாது. ஆனால் பெங்களூரில் ஓடிய ஸ்கார்தோ வண்டிகளில் பாதிக்கு மேல் அவளுக்கு உள்ளும் புறமும் தெரியும். அந்த ஐரோப்பியக் கம்பெனியின் ஷோரூமில் பதினோரு வருடம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் ஜன்னலில் தலையை நீட்டி, "நானூறு சிசி, முன் பிரேக் பேட்" என்றால் போதும், கம்ப்யூட்டரைத் தட்டுவதற்கு முன்பே அவள் வாயில் அந்தச் சாமானின் பத்து இலக்க எண் வந்துவிடும். மெக்கானிக்குகள் இதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில். கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம், காலை இருட்டோடு கிளம்பும் ரயிலில் பெங்களூருக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். வின்சென்ட்டைக் கட்டிக்கொண்ட பிறகு பெங்களூரிலேயே அடுகோடிக்குக் குடிவந்தாள். வின்சென்ட் அங்கே ஒரு லேத் பட்டறையில் டர்னர், இரும்பைக் கடைந்து அளவுக்குச் சாமான் செய்கிறவர். பேச்சு குறைவு, கை சுத்தம்.

கம்பெனி இந்தியாவை விட்டுப் போகிறது என்ற செய்தி ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. மூன்றே வரி. 'வியாபாரத்தை மறுசீரமைக்கிறோம்' என்று முதல் வரி சொன்னது. மூன்றாவது வரிதான் விஷயம்: மாத முடிவோடு எல்லா சர்வீஸ் சென்டர்களும் மூடப்படும். மீதமிருந்த சாமான்களையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் கட்டி, பட்டியல் போட்டு, லாரியில் ஏற்றியவள் குளோரியாதான். எங்கே போகின்றன என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

செய்தி வந்த அடுத்த திங்கட்கிழமை, பழைய வண்டி விற்கும் இணையதளங்களைத் திறந்து பார்த்தாள். நகரத்தில் மட்டும் நாற்பத்தொரு ஸ்கார்தோ விற்பனைக்கு வந்திருந்தது. போன புதன்கிழமைவரை இரண்டரை லட்சத்துக்குக் கேட்ட வண்டியை இரண்டு லட்சத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். மாதம் முடிவதற்குள் அது ஒன்றே முக்காலாகி, பிறகு ஒன்று முப்பதில் வந்து நின்றது. வண்டியில் ஒரு போல்ட்டுகூட மாறியிருக்கவில்லை.

இது அவளுக்குப் புதிதல்ல. சுரங்கத்தை மூடிய வருடம் அவளுக்கு வயது பதினான்கு. அப்பா தன் ஸ்கூட்டரை விற்க ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள். அங்கே ஏற்கெனவே பதினோரு ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றிருந்தன. வாங்க வந்தவன் எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. வரிசையின் முன்னால் நடந்துகொண்டே ஒரே விலையைச் சொல்லிப் போனான். நல்ல வண்டிக்கும் ஓட்டை வண்டிக்கும் அன்றைக்கு ஒரே விலைதான்.

வேலை போன இரண்டாவது மாதம் சீனு கூப்பிட்டார். அடுகோடி சிக்னலைத் தாண்டி உள்ளே போனால், தகரக் கூரை போட்ட நீளமான கடை, சீனு மோட்டார்ஸ். பழைய ஸ்போர்ட்ஸ் பைக் மட்டும்தான். இருபது, இருபத்தைந்து வண்டிகள் எப்போதும் நிற்கும். சீனு முன்னால் டாக்ஸி ஓட்டியவர். நாற்பத்தைந்து வயது, நெற்றியில் எப்போதும் குங்குமம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் எப்போதும் போன். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத மனிதர். வேலைக்கு எடுக்கும்போதே காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"உன் போன்ல அத்தன ஸ்கார்தோ ஓனர்ங்க நம்பரும் கீது. அதுக்குத்தான் கூப்பிட்டேன். பேப்பர் வேலையும் பாத்துக்க."

குளோரியா ஒப்புக்கொண்டாள்.

அந்தக் கடையில் ஸ்கார்தோவும் ஹயாடாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டும் நானூறு சிசி, இரண்டும் ஒரே வருடம். ஸ்கார்தோவின் பெயின்ட் ஒரு படி மேலானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஜப்பான்காரனின் ஹயாடாவுக்கு இரண்டு எண்பது என்றால் இதற்கு ஒன்று நாற்பது. வருகிற ஒவ்வொருவரும் முதலில் இதைத்தான் கேட்டார்கள். ஏன் இந்த வித்தியாசம்? சீனுவிடம் அதற்கு இரண்டு பதில்கள் இருந்தன.

முதல் பதிலைக் குளோரியா கேட்டது ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து பாலசுப்ரமணியன் வந்த அன்று. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் கனடாவுக்குப் போய்விட்டதால் அவனுடைய ஸ்கார்தோவை ஆள் வைத்து ஓட்டிவரச் செய்து, தான் ஆட்டோவில் பின்னாலேயே வந்திருந்தார். வண்டி புதிது போலவே இருந்தது.

"மூணரை லட்சம் குடுத்து எடுத்தான். அஞ்சாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல" என்றார்.

சீனு வண்டியைச் சுற்றி வந்து, வருத்தமாகத் தலையை ஆட்டினார். "வண்டிய கொற சொல்லல சார். கம்பெனியே ஊர வுட்டு ஓடிப்போச்சு. நாளைக்கி இதுல ஒரு சென்சார் போச்சுன்னா எங்க போய் தேடறது? இன்சூரன்ஸ்காரன் மதிப்பு போட மாட்டேங்கறான். பேங்க்ல லோன் இல்ல. எடுத்து வெச்சா ஆறு மாசம் நிக்கும். இதே வருஷத்து ஹயாடா கொண்டாங்க, கண்ண மூடிகினு ரெண்டரை குடுக்கறேன்."

"இதுக்கு?"

"தொண்ணூத்தஞ்சாயிரம்."

பாலசுப்ரமணியன் வண்டியின் டேங்க்கை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு, பெரியவர்கள் டாக்டர் சொல்வதற்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டினார். குளோரியா பேப்பர்களில் கையெழுத்து வாங்கினாள்.

இரண்டாவது பதிலைப் பத்து நாள் கழித்துக் கேட்டாள். கேட்டாள் என்பதைவிட, அவளே சொன்னாள் என்பதுதான் சரி. வாங்க வந்தவர் வெங்கடசாமி. மெட்ரோ ரயில் டிப்போவில் எலெக்ட்ரீஷியன், முப்பது வயது இருக்கும். இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தில் ஹயாடா பார்க்க வந்து, அது எட்டாமல், அந்த ஸ்கார்தோவின் முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னாக்கா, இவ்ளோ கம்மியா போட்டுகிறீங்க? அடிபட்ட வண்டியா?"

சீனு போனைக் காதில் வைத்தபடி குளோரியாவைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "அதெல்லாம் இல்ல. ஓனர் கனடா போயிட்டாரு. அர்ஜென்ட் சேல்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. வெங்கடசாமி ஒன்று நாற்பத்தைந்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று மாதம் வண்டி நன்றாகவே ஓடியது. நான்காவது மாதம் ஓசூர் ரோட்டு டிராஃபிக்கில் அணைந்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. புதுசு போட்டும் ஒரு வாரத்தில் அதுவும் செத்தது. எலெக்ட்ரீஷியனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஓடும்போது பேட்டரியைச் சரியான அளவில் சார்ஜ் செய்ய வேண்டிய ரெக்டிஃபையர் போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாமான். வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் சுங்கவரியோடு சேர்த்துப் பதினெட்டாயிரம் காட்டியது. ஆர்டர் போட்டார். ஆறு வாரம் கழித்து 'ஸ்டாக் இல்லை' என்று பணம் திரும்பி வந்தது. வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது.

அவர் கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. சீனு வெளியே போயிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் குளோரியா எழுந்து நின்றாள். அவர் சண்டை போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க அந்தக் கம்பெனிலயே வேல செஞ்சீங்களாமே, அக்கா. மெக்கானிக் சொன்னான். அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டீங்களா?"

"வாங்கியிருப்பேன். ஆனா தெரிஞ்சி வாங்கியிருப்பேன்."

அவர் போன பிறகும் அந்த நாற்காலியை அவள் பழைய இடத்தில் நகர்த்தி வைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ரெக்டிஃபையர் வந்த பெட்டியை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். வெள்ளை அட்டைப்பெட்டி, மேலே ஸ்கார்தோவின் பத்து இலக்க எண். அதை ஆயிரம் முறையாவது எடுத்துக் கொடுத்திருப்பாள். ஆனால் பெட்டிக்குள் இருந்த சாமானின் முதுகில் வேறு ஏதோ அச்சடித்திருந்தது. ஸ்கார்தோவின் பெயர் அல்ல. சின்ன எழுத்துகளில் ஒரு ஜப்பான் எலெக்ட்ரிக்கல் கம்பெனியின் பெயர், அதன் கீழே அவர்களுடைய எண்.

டப்பாவை மூடினாள். கடையில் நின்ற ஹயாடாவின் சீட்டைக் கடைப் பையனிடம் கழற்றச் சொல்லி, போன் டார்ச்சைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். அதே பெயர், அதே எண். கடைசி எழுத்து மட்டும் வேறு.

விலை கூடின வண்டியிலும் மலிவு வண்டியிலும் ஒரே பட்டறையில் செய்த ஒரே சாமான். அவள் உடனே வெங்கடசாமிக்கு போன் செய்தாள்.

"கடைசி எழுத்து இன்னாக்கா?"

சொன்னாள்.

"அது கனெக்டருக்கு இருக்கும். பிளக்தான் வேற மாதிரி வரும். அத நான் மாத்திக்குவேன். உங்களுக்கு சாமான் கெடைக்குமா, பாருங்க."

திங்கட்கிழமை காலை குளோரியா சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கறிக்கடைகளைத் தாண்டிப் போனால், பழைய வண்டிகளைப் பிரித்து உதிரியாக விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். ஊர் அதைக் குஜரி என்கிறது. சைலன்சர்கள் மாலை போலத் தொங்கும் ஒரு கடையில் நூருல்லா பாய் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கார்தோவுக்கு ரெக்டிஃபையர் வேணும், பாய்."

"ஸ்கார்தோவா? அதுக்கு எதுவும் இல்லம்மா. எந்தக் கடையிலயும் இல்ல. சும்மா அலையாதே."

அவள் எண் எழுதிய சீட்டை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார், உள்ளே போனார், கிரீஸ் ஒட்டிய ரெக்டிஃபையரோடு வந்தார். அடிபட்ட ஹயாடாவிலிருந்து கழற்றியது. ஆயிரத்து அறுநூறு ரூபாய்.

"பாத்தியா? பேரு சொன்னா இல்ல, நம்பர் சொன்னா இருக்கு" என்று சிரித்தார். "வர்றவன் எல்லாம் பேரு சொல்லிக்கிட்டே வர்றான்."

அன்று சாயங்காலமே வெங்கடசாமி பிளக்கை மாற்றிப் பொருத்தி, இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். பதினாலு புள்ளி இரண்டு வோல்ட். அந்த மீட்டரைப் படம் எடுத்துக் குளோரியாவுக்கு அனுப்பினார். வேறு எதுவும் எழுதவில்லை.

அதற்கப்புறம் அவள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்குப் போய்வந்த பிறகு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். இடது பக்கம் ஸ்கார்தோவின் எண், வலது பக்கம் பெட்டிக்குள் உண்மையில் இருந்தது. சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங், கம்பெனிப் பெட்டியில் வந்தால் இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். ஆனால் பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் இருநூற்றைம்பது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலுக்கு அளவு போதும். பழைய மெக்கானிக்குகள் ஆளுக்கு இரண்டு மூன்று கழிவுச் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வின்சென்ட் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து சொல்ல, அவள் எழுதினாள்.

"முழுசா எழுதி இன்னா செய்யப்போற?" என்று வின்சென்ட் ஒரு நாள் கேட்டார்.

"தெரியல. எழுதறேன்."

நாலு மாதத்தில் இருநூற்றுப் பதினாலு சாமான்களுக்கு மாற்றுக் கிடைத்தது. முப்பத்தேழுக்கு எங்கேயும் எதுவும் இல்லை. முன்னால் இருக்கும் டிஜிட்டல் மீட்டர், பிரேக்குக்கான ஏபிஎஸ் பெட்டி, பக்கவாட்டு பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் இந்த வகை. அந்த வண்டிக்கென்றே செய்தவை. போனால் போனதுதான். அந்த முப்பத்தேழையும் அவள் தனியாக எழுதினாள்.

பிறகு ஒரு காலை, கடையில் நின்ற நான்கு ஸ்கார்தோக்களின் ஹேண்டில்பாரிலும் ஒவ்வொரு தாளைக் கட்டிவிட்டாள். 'இந்த வண்டி ஏன் மலிவு?' என்று மேலே பெரிய எழுத்து. கம்பெனி போய்விட்டது, சர்வீஸ் சென்டர் கிடையாது, லோன் கிடைப்பது கஷ்டம், இன்சூரன்ஸ் மதிப்பு குறைவு. அதன் கீழே எவை கிடைக்கும், எங்கே. கடைசியாக, எவை கிடைக்கவே கிடைக்காது.

சீனு பதினோரு மணிக்கு வந்து அதைப் படித்தார். குங்குமத்துக்குக் கீழே முகம் சிவந்தது.

"இன்னா குளோரியா இது? நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கறதா?"

"நீங்க சொன்னதுதான் சீனுண்ணா."

"நான் எப்ப சொன்னேன்?"

"வண்டி வாங்கறப்ப சொல்றீங்களே. பாலசுப்ரமணியன் சார்கிட்ட சொன்னீங்க. மேல இருக்கற நாலு வரியும் அப்படியே உங்க பேச்சுதான். விக்கறப்ப ஏன் மறந்துபோவுது?"

சீனு தாளை மறுபடியும் ஒரு முறை படித்தார். போன் அடித்தது; எடுக்கவில்லை. கடைசியில், "ஒரு மாசம்" என்றார். "ஒரு வண்டிகூட போவலன்னா பேப்பரும் போவும், நீயும் போவே."

முதல் மூன்று வாரம் ஒரு ஸ்கார்தோவும் போகவில்லை. வந்தவர்கள் தாளைப் படித்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். ஒருவர், தன்னிடம் இருக்கும் வண்டியின் மதிப்பையே இந்தத் தாள் கெடுக்கிறது என்று கத்திவிட்டுப் போனார். சீனு தினமும் காலையில் காலண்டரைப் பார்த்தார். குளோரியா வேறு வேலைக்கு இரண்டு இடத்தில் சொல்லிவைத்தாள்.

நான்காவது வாரம் மூன்று வண்டிகள் போயின. படம் எடுத்தவர்கள் அதைத் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்தார்கள். ஓசூரிலிருந்தும் தும்கூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பயந்துகொண்டு வந்தவர்கள் அல்ல. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்துகொண்டு வந்தவர்கள். மீட்டர் வேலை செய்யாத நான்காவது வண்டியை மட்டும் யாரும் தொடவில்லை. அதைப் பிரித்து உதிரியாக விற்றார்கள்.

பாலசுப்ரமணியன் திரும்பி வந்தது அதற்குப் பிறகு ஒரு நாள். மகனின் வண்டிக்குப் பெயர் மாற்றமான பேப்பரின் நகல் வேண்டியிருந்தது. குளோரியா அதைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் புதிதாக வந்து நின்ற ஒரு ஸ்கார்தோவின் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"இந்தச் சாமானெல்லாம் வெளியில கிடைக்கும்னு நான் விக்கும்போதே உங்களுக்குத் தெரியுமாம்மா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. "பாதி தெரியும் சார்."

"பாதியே போதுமே" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்து, நகலை வாங்கி மடித்துக்கொண்டு வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினார். குளோரியா வாசல்வரை போனாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வருடத்தில் ஸ்கார்தோவின் விலை ஏறியது. மற்ற கடைக்காரர்கள் அவளுடைய தாளை ஜெராக்ஸ் எடுத்துத் தங்கள் வண்டிகளிலும் கட்டினார்கள். கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுக் கட்டியவர்களும் உண்டு. ஒன்று முப்பது ஒன்று ஐம்பத்தைந்தாகி, பிறகு ஒன்று எண்பத்தைந்தில் நின்றது. விற்க வருபவர்களும் தாளோடுதான் வந்தார்கள். "இவனுங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியலயே" என்று சீனு புலம்பினார். ஆனால் அவளுடைய சம்பளத்தை ஏற்றினார். குறைந்த காசில் பெரிய வண்டி ஓட்டலாம் என்று நம்பி வந்தவர்கள் விலையைக் கேட்டுத் திரும்பிப் போவதையும் குளோரியா பார்த்தாள். அது தன்னால்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படியொரு நாளில் வெங்கடசாமி தன் ஸ்கார்தோவை விற்க வந்தார். நல்ல விலை கிடைத்தது. கைக்காசையும் போட்டு, மூலையில் நின்ற ஹயாடாவை எடுத்துக்கொண்டார்.

"வண்டி நல்லாதானே ஓடுது? எதுக்கு மாத்தறீங்க?" என்று குளோரியா கேட்டாள். கொஞ்சம் கோபம்கூட இருந்தது அவள் குரலில்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "வண்டில ஒரு கொறையும் இல்லக்கா. ஆனா இது நின்னுபோச்சுன்னா உங்கள தேடிகினு வரணும். அது நின்னுபோச்சுன்னா எந்தத் தெருவுலயும் ஒரு மெக்கானிக் இருப்பான். நீங்க எத்தன நாளைக்கி இங்கியே உக்காந்துகினு இருப்பீங்க?"

நியாயமான பேச்சு. விலை வித்தியாசம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருப்பது போல அவளுக்குத் தோன்றியது. சாவியையும் பேப்பரையும் கொடுத்தாள். அவர் ஹயாடாவைக் கிளப்பி, சிக்னல் பக்கம் திரும்பிப் போனார்.

அவர் விட்டுப்போன ஸ்கார்தோ ஒன்பது நாள் நின்றது. பத்தாவது நாள் கோரமங்களாவிலிருந்து நிருபமா என்று ஒரு பல் டாக்டர் வந்தார். தாளை முழுவதும் படித்தார். விலையைப் பற்றியோ, போய்விட்ட கம்பெனியைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. வண்டிமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். ஒரு கால் மட்டும்தான் தரைக்கு எட்டியது.

"சீட் உயரத்தை ரெண்டு இஞ்ச் குறைக்க முடியுமா?"

அதற்குக் கம்பெனி எப்போதும் எந்தச் சாமானும் விற்றதில்லை. குளோரியா குனிந்து பின் ஷாக் அப்சார்பரைத் தாங்கும் இரும்புத் துண்டைப் பார்த்தாள்; அதன் நீளம் மாறினால் சீட் இறங்கும். அதை விரலால் அளந்தாள்.

"செவ்வாய்க்கெழம வரைக்கும் டைம் குடுங்க, டாக்டர்" என்றாள். "எங்க வீட்டுக்காரரு டர்னர். அவரக் கேட்டு சொல்றேன்."